இரட்டை ஆற்றல் வெப்பமூட்டல்

இரட்டை ஆற்றல் வெப்பமூட்டல் என்பது, ஒரு வீட்டில் முன்பே உள்ள எரிவாயு அல்லது எண்ணெய் உலையை அகற்றாமல், அதனுடன் மின்னால் இயங்கும் வெப்ப எக்கி ஒன்றையும் இணைத்து, வெளி வெப்பநிலைக்கு ஏற்ப இரண்டில் ஒன்றைக் கொண்டு வீட்டைச் சூடாக்கும் முறையாகும். மிதமான குளிரில் வெப்ப எக்கி இயங்கும். கடுங்குளிரில் பழைய உலை இயங்கும். கலப்பு வெப்பமூட்டல், இரட்டை எரிபொருள் வெப்பமூட்டல் ஆகிய பெயர்களும் இதற்கு உண்டு. கனடா, ஐக்கிய அமெரிக்காவின் வட மாநிலங்கள், பிரித்தானியா, நெதர்லாந்து, இத்தாலி ஆகிய இடங்களில் இம்முறை பயன்பாட்டில் உள்ளது. இக்கட்டுரை கனடாவின் ஒன்ராறியோ, கியூபெக் மாகாணங்களின் பழைய வீடுகளை முதன்மை எடுத்துக்காட்டாகக் கொள்கிறது.

இம்முறையில் கருவியின் தரத்தைக் காட்டிலும் இரண்டு செய்திகளே விளைவைத் தீர்மானிக்கின்றன. ஒன்று, வீட்டுக்குள் வெப்பத்தைக் கொண்டு செல்லும் பழைய காற்றுக்குழாய்கள் அல்லது வெந்நீர்க் குழாய்களின் தன்மை. மற்றொன்று, எந்த வெளி வெப்பநிலையில் எக்கி நின்று உலை தொடங்க வேண்டும் என்று குறிக்கப்படும் அளவு. இவற்றைக் கவனியாது பொருத்தப்பட்ட விலையுயர்ந்த எக்கி, ஆண்டில் பெரும்பகுதி பயனின்றிக் கிடப்பதும் உண்டு.

வெப்ப எக்கி இயங்கும் முறை

நீரை மேட்டுக்கு ஏற்றும் எக்கியைப் போல, வெப்ப எக்கி குளிர்ந்த இடத்திலிருந்து வெப்பத்தை எடுத்துச் சூடான இடத்துக்கு ஏற்றுகிறது. சென்னையிலோ கொழும்பிலோ அறையைக் குளிர்விக்கும் ஏசி கருவியும் இதுவும் அடிப்படையில் ஒன்றே. ஏசி அறையின் வெப்பத்தை வெளியே தள்ளுகிறது. வெப்ப எக்கி வெளியின் வெப்பத்தை அறைக்குள் கொண்டுவருகிறது. குளிர்பதனப் பொருள் பாயும் திசையை மாற்றும் ஒரு வால்வும் அதற்குரிய கட்டுப்பாடுகளுமே பெரிய வேறுபாடு. இதனால் ஒரே கருவி கோடையில் குளிர்விக்கவும் குளிர்காலத்தில் சூடாக்கவும் வல்லது.

உறைநிலைக்குக் கீழே உள்ள காற்றில் வெப்பம் எங்கிருந்து வரும் என்ற ஐயம் இயல்பாக எழுவது. தனிச்சுழி வெப்பநிலை −273 பாகை செல்சியசு ஆகும். அதனோடு ஒப்பிட்டால் −18 பாகைக் காற்றிலும் ஏராளமான வெப்ப ஆற்றல் உள்ளது. வெளிப்புறச் சுருளில் குளிர்பதனப் பொருள் அக்காற்றைவிடவும் குளிர்ந்த நிலையில் ஆவியாவதால், வெப்பம் காற்றிலிருந்து அதனுள் பாய்கிறது. அமுக்கி அந்த ஆவியை அழுத்தி அதன் வெப்பநிலையை உயர்த்துகிறது. வீட்டுக்குள் உள்ள சுருளில் ஆவி மீண்டும் நீர்மமாகி, பெற்ற வெப்பத்தை விடுகிறது. பின்னர் விரிவு வால்வு வழியாக அழுத்தம் குறைந்து வெளியே திரும்புகிறது.

எக்கி தரும் வெப்பத்துக்கும் அது உட்கொள்ளும் மின்னாற்றலுக்கும் உள்ள விகிதம் செயல்திறன் கெழு எனப்படும். சாதாரண மின் வெப்பமூட்டிக்கு இது 1. எக்கியில் இதன் உச்ச வரம்பை சாடி கார்னோ 1824இல் வெளியிட்ட ஆய்விலிருந்து பிறந்த கோட்பாட்டால் கணிக்கலாம். வெளியே 5 பாகையும் உட்சுருளில் 40 பாகையும் இருப்பின் வரம்பு ஏறத்தாழ 8.9. வெளியே −20 பாகையானால் அது 5.2 ஆகக் குறைகிறது. நடைமுறைக் கருவிகள் இவ்வரம்பில் பாதிக்கும் குறைவானதையே எட்டுகின்றன. எனவே மிதமான குளிரில் 3 முதல் 4 வரையும், கடுங்குளிரில் 2 அளவிலும் கெழு அமைகிறது. குளிர் கூடக்கூட வீட்டின் வெப்பத் தேவை ஏறுகிறது. அதே வேளையில் எக்கியின் திறனும் அது தரக்கூடிய வெப்பத்தின் அளவும் இறங்குகின்றன. இரட்டை ஆற்றல் முறை தோன்றியதன் காரணம் இந்த எதிரெதிர்ப் போக்கே.

வரலாறு

வெப்ப எக்கியால் கட்டிடங்களைச் சூடாக்கலாம் என்ற கருத்தை, பின்னாளில் கெல்வின் பிரபு என அறியப்பட்ட வில்லியம் தாம்சன் 1852இல் முன்வைத்தார். ஆஸ்திரியாவில் பீட்டர் வான் ரிட்டிங்கர் 1850களில் உப்புநீரை ஆவியாக்க இதே கோட்பாட்டைப் பயன்படுத்தினார். சூரிக் நகர மண்டபத்தில் 1938இல் பொருத்தப்பட்ட எக்கி லிம்மாட் ஆற்று நீரிலிருந்து வெப்பத்தை எடுத்தது. 1973ஆம் ஆண்டின் எண்ணெய் நெருக்கடிக்குப் பின் வட அமெரிக்க வீடுகளில் எக்கிகள் மீது ஆர்வம் பெருகியது. ஆயினும் அக்காலக் கருவிகள் ஒற்றை வேகத்தில் மட்டுமே இயங்கின. உறைநிலைக்குச் சற்றுக் கீழே சென்றாலே அவற்றின் வெப்பம் போதாது போயிற்று. வேகத்தை மாற்றிக்கொள்ளும் இன்வெர்ட்டர் அமுக்கிகள் பரவிய பின்னரே −25 பாகையிலும் இயங்கும் குளிர்நாட்டு எக்கிகள் சந்தைக்கு வந்தன. "எக்கி குளிரில் வேலை செய்யாது" என்று பலர் இன்றும் கூறுவது பழைய கருவிகளின் நினைவிலிருந்து வருவது.

பழைய வீடுகளின் தன்மை

ரொறன்ரோவின் பழைய வீடுகளைப் பொதுவாக இரு வகையாகப் பார்க்கலாம். நகரின் உட்பகுதியில் 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியிலும் 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலும் கட்டப்பட்ட இரட்டைச் செங்கற்சுவர் வீடுகள் முதல் வகை. இவற்றின் சுவர்களில் வெப்பக்காப்பு எதுவும் இல்லை. பலவற்றில் வார்ப்பிரும்பு ரேடியேட்டர்களில் வெந்நீர் சுற்றுகிறது. இரண்டாம் உலகப் போருக்குப் பின் புறநகர்களில் எழுந்த ஒருமாடி வீடுகளும் இரட்டை வீடுகளும் இரண்டாம் வகை. இலங்கைத் தமிழர் பெருமளவில் குடியேறிய ஸ்கார்பரோவில் இவ்வகை வீடுகள் மிகுதி. இவற்றில் நிலவறையில் நிற்கும் உலை சூடாக்கிய காற்றை, தகரக் குழாய்கள் வழியாக விசிறி ஒவ்வோர் அறைக்கும் தள்ளுகிறது.

நிலக்கரியும் எண்ணெயும் எரித்த வீடுகள், அல்பேர்ட்டாவிலிருந்து வரும் எரிவாயுக் குழாய்ப்பாதை 1958இல் நிறைவடைந்த பின் படிப்படியாக எரிவாயுவுக்கு மாறின. ஆனால் காற்றுக்குழாய்களும் புகைபோக்கிகளும் பெரும்பாலும் அப்படியே விடப்பட்டன. இன்று எக்கியைச் சேர்ப்பவர் அந்தப் பழைய அமைப்புடனேயே தொடர்பு கொள்ள வேண்டியுள்ளது.

பழைய வீடுகளில் உலை தேவைக்கு மேல் பெரிதாக இருப்பது வழக்கம். ஏறத்தாழ 12 கிலோவாட் வெப்பம் போதுமான வீட்டில் 25 கிலோவாட்டுக்கும் கூடிய உலை நிற்பதைக் காணலாம். பழைய உலையின் அளவைப் பார்த்தே புதிய எக்கியின் அளவைத் தீர்மானிப்பது இதனால் தவறான முடிவுக்கு இட்டுச்செல்லும். சாளரங்கள், சுவர்கள், கூரை, காற்றுக் கசிவு ஆகியவற்றைக் கணக்கிட்டு வெப்ப இழப்பை அறிவதே முறை. கதவில் விசிறி பொருத்தி வீட்டின் காற்றழுத்தத்தைக் குறைத்துக் கசிவை அளக்கும் சோதனை இதற்கு உதவும். கூரைப்பரணில் வெப்பக்காப்பை மிகுத்துக் கசிவுகளை அடைத்த பின்னர் எக்கியைத் தெரிவு செய்தால் சிறிய கருவியே போதுமாகலாம். பின்னர் செய்தால், தேவைக்கு மேல் பெரிய கருவி அடிக்கடி நின்று நின்று இயங்கும்.

காற்றுக்குழாய் உள்ள வீடுகளில் இணைப்பு

இவ்வகை வீடுகளில் எக்கியின் உட்புறச் சுருள், உலையிலிருந்து காற்று வெளியேறும் பக்கத்தில், பெரும்பாலும் உலைக்கு மேலே, பொருத்தப்படும். ஏசி உள்ள வீடுகளில் அதன் சுருளும் இதே இடத்தில்தான் இருக்கும். சுருளை உலைக்கு முன்னே வைத்தால், கோடையில் குளிர்ந்த ஈரக்காற்று உலையின் வெப்பமாற்றியில் நீரைப் படியச் செய்து துருவேற்றும்.

இந்த அமைவிடத்திலிருந்து ஒரு முக்கிய விளைவு பிறக்கிறது. உலையும் எக்கியும் ஒரே வேளையில் வீட்டைச் சூடாக்க இயலாது. உலையின் 50 முதல் 60 பாகைக் காற்று சுருளின் மீது வீசினால் குளிர்பதனப் பொருளின் அழுத்தம் வரம்பு மீறி உயரும். ஆகவே எக்கி உலைக்குத் துணை நிற்பதில்லை. இரண்டும் முறை மாற்றிக்கொள்கின்றன. பனிநீக்கம் இதற்கு விலக்கு. உறைநிலையை ஒட்டிய ஈரமான வானிலையில் வெளிப்புறச் சுருளில் உறைபனி படியும். அதை உருக்க எக்கி சில நிமிடங்கள் திசை மாறி, வீட்டின் வெப்பத்தை வெளியே அனுப்பும். அவ்வேளையில் உட்சுருள் குளிர்ந்திருப்பதால் உலை எரியலாம்; அறைகளில் குளிர்காற்று வீசாமல் அது காக்கும்.

காற்றின் அளவே அடுத்த சிக்கல். குழாய் கொண்டு செல்லும் வெப்பம், காற்றின் அளவையும் அதன் வெப்பநிலை உயர்வையும் பொறுத்தது. உலை காற்றை 30 பாகை அளவுக்கு உயர்த்துகிறது. எக்கியோ பெரும்பாலும் 15 பாகை அளவுக்கே உயர்த்துகிறது. அதே வெப்பத்தைக் கொடுக்க எக்கிக்கு இரு மடங்கு காற்று வேண்டும். ஏசி வாங்குவோர் நன்கறிந்த "டன்" என்ற அளவு ஏறத்தாழ 3.5 கிலோவாட் ஆகும். ஒரு டன்னுக்கு நொடிக்கு ஏறத்தாழ 190 லீட்டர் காற்று தேவை என்பது துறையின் பொது விதி. இதன்படி 3 டன் எக்கிக்கு நொடிக்கு 570 லீட்டர் காற்று ஓட வேண்டும். பழைய குழாய்கள் குறுகலாக இருந்தாலோ, இணைப்புகளில் கசிந்தாலோ, மேல்மாடிக்குச் செல்லும் கிளைகள் மெலிந்திருந்தாலோ, இரைச்சல் கூடுவதுடன் எக்கியின் திறனும் சரியும். அறையிலிருந்து காற்று திரும்பி வரும் குழாய்களே பல வீடுகளில் போதாமல் உள்ளன. இக்குறையைச் சரி செய்வது எளிதெனினும் பெரும்பாலும் கவனிக்கப்படுவதில்லை.

எக்கி அனுப்பும் காற்று 32 முதல் 40 பாகை வரை இருக்கும். மனிதத் தோலின் வெப்பநிலையும் ஏறத்தாழ 33 பாகை என்பதால், துவாரத்தருகே கை வைப்பவருக்கு அது சூடாகத் தோன்றாது. எக்கி பழுதடைந்துவிட்டதாக வரும் முறையீடுகளில் பல இவ்வாறு எழுவன. அறை விரும்பிய வெப்பநிலையில் நிலைத்து நிற்பின் கருவி சரியாகவே இயங்குகிறது. எனினும் காற்று சரியாகச் சென்றடையாத நிலவறைக் குடியிருப்புகளில் உண்மையாகவே குளிர் தங்கக்கூடும். வெப்பநிலைக் கட்டுப்படுத்தி மேல்தளத்தில் இருக்க, கீழே வேறொரு குடும்பம் வாடகைக்கு வாழும் வீடுகளில் இதனைத் தனியே சோதிக்க வேண்டும். ரொறன்ரோ நகர விதிகளின்படி, வெப்பமூட்டலுக்குப் பொறுப்பான வீட்டு உரிமையாளர் குளிர்காலத்தில் வாடகைக் குடியிருப்பைக் குறைந்தது 21 பாகையில் வைத்திருக்கக் கடமைப்பட்டவர்.

வெந்நீர் ரேடியேட்டர் உள்ள வீடுகளில் இணைப்பு

கொதிகலன்கள் ரேடியேட்டர்களுக்கு 70 முதல் 80 பாகை நீரை அனுப்பும் வகையில் அமைக்கப்பட்டன. எக்கிகள் 35 முதல் 55 பாகை நீரைத் தரும்போதே சிக்கனமாக இயங்குகின்றன. ரேடியேட்டர் வெளிவிடும் வெப்பம், நீருக்கும் அறைக்கும் உள்ள வெப்பநிலை வேறுபாட்டைப் பொறுத்தது. ஆனால் நேர் விகிதத்தில் அன்று. வேறுபாடு 50 பாகையிலிருந்து 30 பாகையாகக் குறைந்தால், வெப்பம் ஏறத்தாழ பாதியாகிவிடும்.

இதைக் கேட்டதும் எல்லா ரேடியேட்டர்களையும் மாற்ற வேண்டும் என்ற முடிவுக்கு வருவது பொருந்தாது. வீடு கட்டப்பட்ட காலத்துக்குப் பின் சாளரங்கள் மாற்றப்பட்டு, கூரையில் வெப்பக்காப்பும் இடப்பட்டிருந்தால், பழைய ரேடியேட்டர்கள் இன்றைய தேவைக்கு மிகப் பெரியனவாகவே இருக்கும். இதை அறிய எளிய சோதனை ஒன்று உண்டு. எக்கி வாங்குவதற்கு முந்திய குளிர்காலத்தில், கொதிகலனின் நீர் வெப்பநிலையை 55 பாகைக்குக் குறைத்து, கடுங்குளிர் நாட்களில் வீடு சூடாக இருக்கிறதா என்று பார்ப்பதே அது. எல்லா அறைகளும் சூடாக இருப்பின் வீடு எக்கிக்கு ஆயத்தமாக உள்ளது. ஓரிரு அறைகள் மட்டும் குளிர்ந்தால் அவற்றின் ரேடியேட்டர்களை மட்டும் பெரிதாக்கலாம். புகைவளியிலுள்ள நீராவியை ஒடுக்கும் வகையைச் சேராத பழைய கொதிகலன்களில் இச்சோதனையைத் தகுந்த தொழில்நுட்பரின் துணையோடு செய்ய வேண்டும். குளிர்ந்த நீர் தொடர்ந்து திரும்பி வந்தால் கொதிகலனுள் அமில நீர் படிந்து அரிக்கும்.

வெந்நீர் முறையில் எக்கியும் கொதிகலனும் ஒரே வேளையில் இயங்கலாம் என்பது இதன் சிறப்பு. எக்கி நீரை 45 பாகை வரை சூடாக்க, கொதிகலன் எஞ்சியதை ஏற்றும்படி குழாய்களை அமைக்க முடியும்.

மாறும் வெப்பநிலையைத் தீர்மானித்தல்

எக்கியிலிருந்து உலைக்கு மாறும் வெளி வெப்பநிலை, இரு வேறு சமநிலைப் புள்ளிகளுக்கிடையே தெரிவு செய்யப்படுகிறது.

முதலாவது வெப்பச் சமநிலைப் புள்ளி. எக்கி தரும் வெப்பமும் வீடு இழக்கும் வெப்பமும் சமமாகும் வெளி வெப்பநிலை இது. ரொறன்ரோவில் வெப்பமூட்டலைத் திட்டமிடப் பயன்படும் வெளி வெப்பநிலை −18 முதல் −20 பாகை வரை ஆகும். வெளியே −18 பாகை, உள்ளே 21 பாகை என்ற நிலையில் 12 கிலோவாட் இழக்கும் வீட்டை எடுத்துக்கொள்வோம். அது உறைநிலையில் ஏறத்தாழ 6.5 கிலோவாட் இழக்கும். அதில் 8 பாகையில் 10.5 கிலோவாட்டும், −8 பாகையில் 6.5 கிலோவாட்டும் தரும் ஒற்றைவேக எக்கியைப் பொருத்தினால், இரு கோடுகளும் −4 பாகை அருகே சந்திக்கும். அதற்குக் கீழே எக்கி ஓய்வின்றி ஓடினாலும் வீடு மெல்லக் குளிரும். குளிர்நாட்டு எக்கியைப் பொருத்தினால் இப்புள்ளி −10, −15 என இறங்கும்.

இரண்டாவது செலவுச் சமநிலைப் புள்ளி. ஒரு கிலோவாட் மணி வெப்பத்தை எக்கியால் பெறும் செலவும் உலையால் பெறும் செலவும் சமமாகும் இடம் இது. கணக்கு எளிது. ஒரு கன மீட்டர் எரிவாயுவில் ஏறத்தாழ 10.4 கிலோவாட் மணி ஆற்றல் உள்ளது. 95 விழுக்காட்டுத் திறன் கொண்ட உலை அதிலிருந்து 9.9 கிலோவாட் மணி வெப்பம் தரும். எடுத்துக்காட்டாக எரிவாயு கன மீட்டருக்கு 45 சதம் என்று கொண்டால், வெப்பத்தின் விலை கிலோவாட் மணிக்கு 4.5 சதம். மின்சாரம் 12 சதமானால், எக்கியின் கெழு 2.6க்கு மேல் இருக்கும் வரையே அது மலிவு. அதே வீட்டில் 80 விழுக்காட்டுத் திறனுள்ள பழைய உலை இருந்தால், கெழு 2.2 ஆக இருந்தாலே எக்கி வென்றுவிடும். கனடாவில் புதிதாக விற்கப்படும் எரிவாயு உலைகளின் திறன் 2009ஆம் ஆண்டின் இறுதி முதல் 90 விழுக்காட்டுக்கும், 2019 முதல் 95 விழுக்காட்டுக்கும் குறையக்கூடாது என விதிக்கப்பட்டது. எனவே உலையின் வயதை வைத்தே இக்கணக்கின் திசையை ஓரளவு ஊகிக்கலாம்.

இப்புள்ளி வீட்டுக்காரரின் கையில் மட்டும் இல்லை. ஒன்ராறியோவில் 2019 ஏப்ரல் முதல் 2025 மார்ச் வரை எரிவாயு மீது கனேடிய நடுவண் அரசின் கரிமக் கட்டணம் விதிக்கப்பட்டது. கடைசி ஆண்டில் அது கன மீட்டருக்கு 15.25 சதம். மேற்கண்ட எடுத்துக்காட்டில் இதைச் சேர்த்தால் எக்கிக்குத் தேவையான கெழு 2.6இலிருந்து 2.0 ஆகக் குறைகிறது. அதாவது கட்டணம் இருந்தவரை கடுங்குளிர் தவிர்ந்த பெரும்பாலான நாட்களில் எக்கி மலிவாயிருந்திருக்கும். கட்டணம் நீக்கப்பட்டதும் அதே எக்கி, அதே வீட்டில், பல குளிர் நாட்களில் உலையிடம் தோற்கிறது. எதிர்த்திசையிலும் இது நிகழ்ந்துள்ளது. ஒன்ராறியோ 2023இல் இரவு 11 மணி முதல் காலை 7 மணி வரை மிகக் குறைந்த கட்டணம் கொண்ட மின்விலைத் திட்டம் ஒன்றை அறிமுகப்படுத்தியது. தொடக்கத்தில் இரவு விலை கிலோவாட் மணிக்கு 2.4 சதமாகவும், வேலைநாட்களின் மாலை 4 முதல் 9 வரை 24 சதமாகவும் இருந்தன. விநியோகக் கட்டணம் இவற்றுக்கு மேல் சேரும். இத்தகைய விலைகளில் இரவில் எக்கியும் மாலையில் உலையும் இயங்குவதே சிக்கனம். வெளி வெப்பநிலை மட்டும் அளவுகோலாக அமையாது.

கரிம உமிழ்வைக் குறைப்பதே நோக்கமானால் கணக்கு மீண்டும் மாறும். ஒரு கன மீட்டர் எரிவாயு எரிந்தால் ஏறத்தாழ 1.9 கிலோகிராம் கரியமில வாயு வெளியாகிறது. ஒன்ராறியோ 2014இல் நிலக்கரி மின் உற்பத்தியை முற்றாக நிறுத்தியது; அணுவும் நீரும் அதன் மின்சாரத்தின் பெரும்பகுதியைத் தருகின்றன. எனவே அங்கு எக்கி இயங்கும் ஒவ்வொரு மணியும் உமிழ்வைக் குறைக்கிறது. எரிவாயு மின்நிலையங்களைப் பெரிதும் நம்பும் அல்பேர்ட்டாவில் இப்பயன் மிகக் குறைவு.

கியூபெக்கின் கட்டணமுறை

மாறும் வெப்பநிலையைக் கட்டணத்திலேயே பொதித்த இடம் கியூபெக் ஆகும். அங்கு பெரும்பாலான வீடுகள் மின்சாரத்தால் சூடாக்கப்படுவதால் குளிர் மிகும் காலை, மாலை வேளைகளில் மின் தேவை உச்சத்தை அடைகிறது. 2023 பெப்ரவரி 3ஆம் நாள் அது 43,000 மெகாவாட்டைத் தாண்டியது. இந்த உச்சத்தைத் தணிக்க ஹைட்ரோ-கியூபெக் நிறுவனம் இரட்டை ஆற்றல் வீடுகளுக்குத் தனிக் கட்டணம் வைத்துள்ளது. இடத்தைப் பொறுத்து −12 அல்லது −15 பாகைக்கு மேல் மின்சாரம் மலிவு. அதற்குக் கீழே விலை பல மடங்கு உயரும். அந்த வெப்பநிலையில் வீடு தானாகவே எரிபொருளுக்கு மாறிவிட வேண்டும்.

2021இல் இந்நிறுவனமும் எனெர்ஜிர் என்ற எரிவாயு நிறுவனமும் எரிவாயு வீடுகளை இரட்டை ஆற்றலுக்கு மாற்ற உடன்பாடு செய்தன. விற்பனை இழப்புக்காக எரிவாயு நிறுவனத்துக்கு மின் நிறுவனம் ஈடு செலுத்தும் ஏற்பாட்டைச் சூழலியல் அமைப்புகள் எதிர்த்தன.

எண்ணெய் எரிக்கும் வீடுகள்

நோவா ஸ்கோசியா, பிரின்ஸ் எட்வர்ட் தீவு முதலிய அத்திலாந்திக் மாகாணங்களில் எண்ணெயால் சூடாகும் வீடுகள் பல. எண்ணெய் வெப்பம் பெரும்பாலும் மின்சாரத்தைவிடவும் விலை கூடியது என்பதால், அங்கு செலவுச் சமநிலைப் புள்ளி நடைமுறையில் இல்லை. எக்கியால் இயன்றவரை அதையே ஓட்டுவதுதான் முறை. எண்ணெய்த் தொட்டி கடுங்குளிருக்கும் எக்கி பழுதாகும் நாளுக்கும் காப்பாக நிற்கிறது.

நிறுவும்போது கவனிக்க வேண்டியவை

வீட்டின் ஏசி பழுதடையும் தருணமே எக்கியைச் சேர்க்க ஏற்ற தருணம் ஆகும். ஏசியை மாற்றும் வேலையும் எக்கியைப் பொருத்தும் வேலையும் பெரும்பாலும் ஒன்றே என்பதால், கூடுதற் செலவு கருவி விலையின் வேறுபாட்டோடு நின்றுவிடும்.

பழைய வீடுகளின் மின் இணைப்பு பெரும்பாலும் 100 அம்பியர், சிலவற்றில் 60 அம்பியர். உலையை நீக்கி முற்றிலும் மின்மயமாக்கினால் கடுங்குளிருக்கென 10 முதல் 15 கிலோவாட் மின் வெப்பமூட்டி தேவைப்படலாம். 240 வோல்ட்டில் 15 கிலோவாட் என்பது 62 அம்பியருக்கும் மேல். உலை துணையாக இருப்பின் இது வேண்டியதில்லை. 100 அம்பியர் இணைப்பே பெரும்பாலும் போதும். இரட்டை ஆற்றல் முறையை மக்கள் தெரிவு செய்ய இதுவும் ஒரு முக்கிய காரணம்.

புகைபோக்கி பற்றிய எச்சரிக்கை இன்றியமையாதது. பழைய வீடுகளில் உலையும் எரிவாயு வெந்நீர்க்கலனும் ஒரே செங்கற் புகைபோக்கியைப் பகிர்ந்துகொள்ளும். உலை குறைவாக எரிந்தால், அல்லது பக்கச்சுவர் வழியே புகை விடும் புதிய உலைக்கு மாறினால், வெந்நீர்க்கலனின் சிறு புகை அந்தப் பெரிய புகைபோக்கியைச் சூடாக்கப் போதாது. புகை மேலெழாமல் வீட்டுக்குள் திரும்பலாம். கசிவுகளை அடைத்து இறுக்கமாக்கிய வீட்டில், சமையலறைப் புகை உறிஞ்சி ஓடும்போது இந்த ஆபத்து மேலும் கூடும். கார்பன் மோனாக்சைடுக்கு மணமும் நிறமும் இல்லை, உறங்குவோரைக் கொல்லவல்லது. புகைபோக்கியினுள் சிறிய உலோகக் குழாய் இறக்குவது, அல்லது வெந்நீர்க்கலனை மாற்றுவது இதற்குத் தீர்வு. எரிகருவி உள்ள வீடுகளில் உறங்கும் பகுதிகளுக்கு அருகே கார்பன் மோனாக்சைடு எச்சரிக்கைக் கருவி இருப்பது ஒன்ராறியோவில் 2014 முதல் சட்டப்படி கட்டாயம்.

பழைய குழாய் இணைப்புகளில் ஒட்டப்பட்ட வெள்ளை நாடாவிலும், பரணில் கொட்டப்பட்ட வெர்மிகுலைட்டிலும் கல்நார் இருக்கக்கூடும். சோதிக்காமல் அவற்றைக் கலைக்கக்கூடாது.

வெளிப்புறக் கருவியைத் தரையில் நேரடியாக வைக்காமல், பனி மூடாத உயரத்தில் தாங்கியின் மீது வைப்பர். பனிநீக்கத்தின்போது வடியும் நீர் நடைபாதையில் ஓடி உறைந்தால் வழுக்கும். கூரை விளிம்பின் நேர்கீழும், பக்கத்து வீட்டுப் படுக்கையறைச் சாளரத்தின் எதிரும் தகாத இடங்கள்.

கட்டுப்படுத்தியின் பயன்பாடு

மாறும் வெப்பநிலையை வெளிப்புற உணரி ஒன்றின் வழியே கட்டுப்படுத்தி அறிகிறது. இந்த அளவைப் பொருத்துநர் குறித்துவிட்டுச் செல்வதே வழக்கம். குளிரென்ற முறையீடு வராதிருக்க அதை 2 அல்லது 5 பாகை என உயர்த்தி வைத்துவிட்டால், குளிர்காலத்தின் பெரும்பகுதியில் உலையே எரியும். எக்கி கோடைக்கால ஏசியாக மட்டும் மிஞ்சும். வீட்டுக்காரர் இதை உணர வாய்ப்புக் குறைவு, ஏனெனில் வீடு சூடாகவே இருக்கிறது. மின் கட்டணமும் எரிவாயு கட்டணமும் முந்திய ஆண்டைப் போலவே வருவதுதான் ஒரே அடையாளம்.

இரவில் வெப்பநிலையைப் பல பாகை குறைத்துக் காலையில் உயர்த்தும் பழக்கம் உலைக்கு ஏற்றது; எக்கிக்கு ஏற்றதன்று. காலையில் ஒரேயடியாக உயர்த்தும்போது கட்டுப்படுத்தி எக்கியால் இயலாது எனக் கருதி உலையை மூட்டிவிடும். ஒரே அளவில் நிலைநிறுத்துவது, அல்லது ஓரிரு பாகை மட்டும் குறைப்பது பொருத்தமானது.

குளிர்பதனப் பொருட்கள்

ஓசோன் படலத்தைக் காக்கும் 1987ஆம் ஆண்டு மொன்றியல் உடன்படிக்கையின் தொடர்ச்சியாக, ஆர்-22 என்ற பொருளின் உற்பத்தியும் இறக்குமதியும் கனடாவில் 2020 முதல் தடை செய்யப்பட்டன. அதன் இடத்துக்கு வந்த ஆர்-410ஏ ஓசோனுக்குக் கேடற்றது. ஆனால் கரியமில வாயுவைவிட ஏறத்தாழ 2,088 மடங்கு புவியைச் சூடாக்க வல்லது. 2016ஆம் ஆண்டின் கிகாலி திருத்தத்தை அடுத்து ஆர்-32, ஆர்-454பி ஆகியவை அதன் இடத்தைப் பிடித்து வருகின்றன. பழைய ஏசியின் செப்புக் குழாய்களை அப்படியே புதிய எக்கிக்குப் பயன்படுத்துவதாயின், அவற்றின் அளவும் தூய்மையும் சோதிக்கப்பட வேண்டும்.

விமரிசனங்கள்

இரு கருவிகளைப் பேண வேண்டியிருப்பதும், குறைவாக எரித்தாலும் எரிவாயு இணைப்புக்கான மாதக் கட்டணம் தொடர்வதும் இம்முறையின் குறைகள். உலையை வைத்திருப்பது எரிவாயுப் பயன்பாட்டை இன்னும் பல்லாண்டுகளுக்கு நீட்டிக்கும் என்று இதை எதிர்ப்போர் கூறுகின்றனர். இங்கிலாந்திலும் வேல்சிலும் கொதிகலனை மாற்றுவதற்கான அரசு மானியம் எரிவாயுவோடு கூடிய கலப்புத் தொகுதிகளுக்கு வழங்கப்படுவதில்லை. நெதர்லாந்து அரசு, 2026 முதல் கொதிகலனை மாற்றுவோர் குறைந்தது கலப்பு எக்கியையாவது பொருத்த வேண்டும் என 2022இல் அறிவித்தது. 2024இல் அமைந்த புதிய கூட்டணி அத்திட்டத்தைக் கைவிட்டது.

ஆதரிப்போர் மின்வலையமைப்பின் உச்சத் தேவையைச் சுட்டுகின்றனர். 2024 சனவரியில் அல்பேர்ட்டாவில் கடுங்குளிர் நிலவியபோது, மின் பயன்பாட்டைக் குறைக்குமாறு மக்களின் கைபேசிகளுக்கு அவசர அறிவிப்பு அனுப்பப்பட்டது. அத்தகைய சில நாட்களுக்காக மட்டும் புதிய மின்நிலையங்களைக் கட்டுவதைவிட, முன்பே நிலவறையில் நிற்கும் உலையைச் சில மணி நேரம் எரிப்பது சிக்கனமானது என்பது அவர்கள் வாதம். உலை தன் ஆயுள் முடிந்து விழும் நாளில் இக்கேள்வி ஒவ்வொரு வீட்டிலும் மீண்டும் எழும். அதற்குள் வெப்பக்காப்பு மேம்பட்டிருந்தால், உலையை மாற்றாமலேயே எக்கியை மட்டும் கொண்டு வாழும் வீடுகளும் உள்ளன.